அலுமாரிக்குள் ஒளித்த பால்மா

முதல் டின்னை நான் எங்கள் ஊரில் வாங்கவில்லை. உப்புவெளியில், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்திலேயே இரண்டு கடைகளில் பால்மா கிடைக்கும். ஆனால் அந்தக் கடைக்காரர்களுக்கு என்னைத் தெரியும், அம்மாவைத் தெரியும், மகளுக்கு ஐந்து மாதம் என்பதும் தெரியும். அதனால் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் திருகோணமலை டவுனில் இறங்கி, மத்திய வீதியில் அதற்குமுன் போயிராத ஒரு பார்மசிக்குள் நுழைந்தேன்.

"ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் குடுக்கிற பால்மா இருக்கா தம்பி?"

"உங்கட பிள்ளைக்கா அக்கா?"

"இல்லை. அக்காட பிள்ளைக்கு."

எனக்கு அக்கா கிடையாது. கூடப் பிறந்தது இரண்டு தம்பிமார்தான். அந்தப் பெடியன் ஒன்றும் பேசாமல் டின்னைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தான். சுற்றித் தரச் சொல்லி நான் கேட்கவே இல்லை. என்னைப்போல எத்தனை பேர் அங்கே வந்துபோயிருக்கிறார்களோ.

நான் கிண்ணியாவில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற எங்களுக்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாட்கள் பிரசவ லீவு. அதற்கு மேலும் 84 நாட்கள் அரைச் சம்பளத்தில் எடுக்கலாம், அதன் பிறகு சம்பளம் இல்லாமல் இன்னும் 84 நாட்கள். சட்டத்தில் இடம் இருக்கிறது, வீட்டுக் கடனில் இல்லை. சனி ஞாயிறு, பௌர்ணமிப் போயா லீவு எல்லாம் கழித்துப் பார்த்தால் பிள்ளைக்கு நாலரை மாதம் ஆனபோது நான் மறுபடி பஸ்ஸில் இருந்தேன். காலை ஆறேகாலுக்கு வெளிக்கிட்டால் திரும்பி வரப் பின்னேரம் மூன்று மணி ஆகும். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்தது, 396 மீற்றர் நீளம். அதற்கு முன்பென்றால் பாதையில்தான் கடக்க வேண்டும். வாகனங்களை ஏற்றிப் போகிற மிதவைக்கு எங்கள் பக்கத்தில் 'பாதை' என்றுதான் பேர். அந்தக் காலத்தில் கைப்பிள்ளையை விட்டுவிட்டுப் படிப்பிக்கப் போன டீச்சர்மார் பாதைக்காகக் கரையில் காத்து நின்றபோது, நெஞ்சில் பால் கட்டி வலிக்க என்ன செய்திருப்பார்கள் என்று பாலத்தைக் கடக்கிற ஒவ்வொரு நாளும் நினைப்பேன்.

இடைவேளையில் விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குப் பின்னால் இருக்கிற களஞ்சிய அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பால் பீச்சி எடுப்பேன். ஒரு பக்கம் சோதனைக் குழாய்கள், மறுபக்கம் மூளியான எலும்புக்கூட்டுப் படம். கையால்தான் எடுத்தேன், பம்ப் பிறகுதான் வாங்கினேன். முதல் கிழமை ஒரு தடவைக்கு 90 மில்லிலீற்றர் வந்தது. மூன்றாம் கிழமை 40. எடுத்த பாலை வைக்கிறதும் ஒரு தலையிடி. அறை வெப்பநிலையில் நாலு மணித்தியாலம் வைக்கலாம் என்று சொல்வார்கள். அந்த அறை என்பது 25 பாகைக்குள் இருக்கிற அறை. எங்கள் ஆசிரியர் அறையில் 25 பாகையை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஐஸ்கட்டி போட்ட பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் அந்த அறைக்குள் இருந்துகொண்டு திருஞானசம்பந்தரை நினைத்துச் சிரித்தேன். உமையம்மை தன் பாலைப் பொற்கிண்ணத்தில் கறந்து குழந்தைக்கு ஊட்டினாள் என்றுதானே கதை. அப்படியென்றால் ஞானப்பாலும் பீச்சி எடுத்துக் கோப்பையில் கொடுத்த பால்தான். அதைக் குடித்த பிள்ளைதான் பிறகு எங்கள் கோணேசருக்கும் ஒரு பதிகம் பாடியது. இதை அம்மாவிடம் சொன்னேன். "சாமி விசயத்தில பகிடி விடாத" என்றார்.

பீச்சி எடுத்தால் போதுமா? பால் சுரப்பது இறைக்க இறைக்க ஊறுகிற கிணறு மாதிரி. பிள்ளை குடிக்கும்போது புரோலக்ரின் என்ற ஹோர்மோன் ஏறும், பால் சுரக்கும். மார்பில் பால் தேங்கி நின்றால் சுரக்கிற வேகம் தானாகக் குறையும். கையும் பம்பும் பிள்ளையின் வாய் இழுக்கிற மாதிரி இழுக்காது. சிலருக்கு அது போதுமாக இருக்கும். எனக்குப் போதவில்லை.

இதை எனக்கு முதலில் காட்டித் தந்தது மகளுடைய கிளினிக் கார்ட். பெண் பிள்ளைகளுக்கு ரோஸ் நிறம். பிறந்தபோது 2.9 கிலோ. நாலாம் மாதம் 5.9. ஐந்தாம் மாதம் தராசில் போட்டால் 6.0. ஒரு மாதத்துக்கு நூறு கிராம். கோடு ஏறிக்கொண்டே வந்து அந்த இடத்தில் படுத்துவிட்டது. வரைபுகளை வாழ்நாள் முழுக்கப் பலகையில் வரைகிறவள் நான். ஒரு சரிவு தட்டையாவதைப் பார்த்து வயிறு கலங்கியது அன்றைக்குத்தான்.

எங்கள் குடும்பநல உத்தியோகத்தர், நாங்கள் 'மிஸ்' என்று கூப்பிடுகிறவர், பொறுமையான மனுசி. வீட்டுக்கு வந்து, பக்கத்தில் இருந்து நான் பால் கொடுப்பதை முழுக்கப் பார்த்தார். பிள்ளை வாய் வைக்கிற விதத்தில் பிழை இல்லை. இரவில் புரோலக்ரின் கூடுதல், அதனால் இரவுப் பாலை மட்டும் விட்டுவிடாதேயுங்கோ என்றார். வீட்டில் நிற்கிற நேரமெல்லாம் பிள்ளை கேட்கக் கேட்கக் கொடுக்கச் சொன்னார். அம்மா தன் பங்குக்குப் பால்சுறா தேடிச் சந்தைக்குப் போனார். உள்ளி தட்டிப் போட்ட பால்சுறாக் குழம்பு, முருங்கையிலை வறை, மறுபடியும் பால்சுறா. பத்து நாளில் எனக்கு ஒன்றரைக் கிலோ கூடியது. பிள்ளைக்கு அசையவில்லை. மிஸ் எங்களைப் பிள்ளை வைத்தியரிடம் அனுப்பினார். அவர் ஒரு மாத்திரை எழுதித் தந்தார், இரண்டு கிழமை பார்த்தார், பிறகு சொன்னார்: பகலில் மூன்று தடவை பால்மா, மற்ற நேரம் தாய்ப்பால். ஆறு மாதம் முடிந்ததும் சாப்பாடு தொடங்கலாம்.

இவ்வளவுதான் நடந்தது. வைத்தியர் என்னைக் குற்றம் சொல்லவில்லை, மிஸ்ஸும் சொல்லவில்லை. பிறகு ஏன் இல்லாத அக்காவுக்கு ஒரு பிள்ளை பெற்றுக் கொடுத்தேன்?

2016 ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதமானவர்கள் தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறார்கள். உலகத்தில் நிறைய நாடுகள் கிட்ட வர முடியாத எண் அது. சும்மா வந்ததும் இல்லை. 1939 இலேயே சிசிலி வில்லியம்ஸ் என்ற பிள்ளை வைத்தியர் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் எழும்பி நின்று, இனிப்புப் போட்ட டின்பாலைக் குழந்தை உணவென்று விற்கிறவர்கள் செய்வது கொலைதான் என்று பேசினார். உலக சுகாதார அமைப்பு 1981 இல் பால்மா விற்பனைக்கு ஒரு விதிக்கோவை கொண்டுவந்தது. இரண்டே வருடத்தில், 1983 இல், இலங்கை தனக்கென்று ஒன்றை ஏற்படுத்தியது. விளம்பரம் கூடாது, டின்னில் கொழுகொழுவென்று குழந்தைப் படம் கூடாது. நான் வாங்கிய டின்னிலும் முதலில் எழுதியிருந்தது தாய்ப்பாலே சிறந்தது என்றுதான், மூன்று மொழியிலும். இதில் ஒரு வரியைக்கூட நான் மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் மிச்சம் 18 வீதத்தில் நிற்கிற ஒருத்தி பால்மாவை எப்படிக் கரைப்பதென்று வாய் விட்டு யாரிடம் கேட்பாள்? கிளினிக்கில் நாற்பது பேர் வாங்கில் இருக்கும்போதா? கேட்டிருக்கலாம்தான். மிஸ் சொல்லியும் தந்திருப்பார். எனக்கு வாய் வரவில்லை.

மாமி மூதூரிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை பேத்தியைப் பார்க்க வருவார். அவர் ஆறு பிள்ளைகளுக்கு, ஒவ்வொருவருக்கும் இரண்டு வருடம் பால் கொடுத்தவர். "எங்கட காலத்தில மாவும் இல்லை, மண்ணும் இல்லை" என்று ஒரு தடவை பொதுவாகச் சொன்னார். பொதுவாகத்தான் சொன்னார். எனக்குத் தைத்தது. அதனால் டின்னிலிருந்த பால்மாவைக் கரண்டியோடு ஒரு வெறும் பிஸ்கட் டின்னுக்குள் கொட்டி, பழைய டின்னை எறிந்துவிட்டு, பிஸ்கட் டின்னை அலுமாரிக்குள் என் சேலைகளுக்குப் பின்னால் வைத்தேன். யார் வீட்டுக்கு வந்தாலும் கண்ணில் படாது. அம்மாவுக்கு மட்டும் இடம் தெரியும். பகலில் பிள்ளையைப் பார்ப்பது அவர்தானே. முதல் நாள் அவசர அவசரமாகச் செய்து காட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

போத்தலை மகள் என் கையால் வாங்கவே மாட்டாள். முகத்தைத் திருப்பி என் சட்டையை முட்டுவாள். பால் வாசம் அருகில் இருக்கும்போது ரப்பரை ஏன் சூப்ப வேண்டும்? நான் வீட்டில் இல்லாதபோது அம்மா கொடுத்தால் குடித்தாள், என் கணவர் கொடுத்தால் இன்னும் நன்றாகக் குடித்தாள். மிஸ் கோப்பையும் கரண்டியும்தான் நல்லது, கழுவ லேசு, கிருமி தங்காது என்று சொல்லியிருந்தார். கோப்பையில் பாதி பிள்ளையின் கழுத்துக்குப் போனது. கடைசியில் சூப்பிப் போத்தலோடு சமாதானமானோம்.

பால்மா தொடங்கி இரண்டு கிழமை தாண்டியும் பிள்ளை சிணுங்கிக்கொண்டே இருந்தாள். போத்தலை முடித்துவிட்டு வெறும் போத்தலைப் பார்த்து அழுதாள். மூத்திரம் மட்டும் அடிக்கடி போனாள். பால்மா ஒத்துக்கொள்ளவில்லை என்றார் பக்கத்து வீட்டு மாமி. வயிற்றில் வாயு என்றார் இன்னொருவர், ஓமத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தேன். திறந்தபடியே நின்றேன்.

கணக்கு இதுதான். 400 கிராம் டின். அந்த வகையில் ஒரு கரண்டி நாலரைக் கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, ஆகவே டின்னுக்குள் ஏறக்குறைய 90 கரண்டி. 30 மில்லிலீற்றர் தண்ணீருக்கு ஒரு கரண்டி. ஒரு போத்தல் 120, அதற்கு நாலு கரண்டி. பகலுக்கு மூன்று போத்தல், பன்னிரண்டு கரண்டி. நான் வீட்டில் நிற்கிற நாட்களில் பால்மா இல்லை. எட்டாவது பள்ளிக்கூட நாளில் டின் முடிந்திருக்க வேண்டும். பதினொரு நாள் போய்விட்டது. டின்னில் இன்னும் கால்வாசி கிடந்தது.

"அம்மா, ஒரு போத்தலுக்கு எத்தனை கரண்டி போடுறீங்கள்?"

"ரெண்டு. ஏன் பிள்ளை?"

"நாலு சொன்னனே அம்மா."

"நாலு போட்டா நல்லாத் தடிச்சுப் போகுது. இந்தச் சின்ன வயிறு தாங்குமா? அதான் இளக்கிக் குடுத்தனான்."

அம்மா பேத்தியைப் பட்டினி போட நினைத்தவர் இல்லை. பசும்பாலைத் தண்ணீர் விட்டுக் கலக்கிக் கைப்பிள்ளைக்குக் கொடுத்த தலைமுறை அது. எங்களுக்கும் அப்படித்தான் கொடுத்திருக்கிறார். அளவு எழுதியிருந்தது டின்னில். அந்த டின்னைத்தான் நான் எறிந்துவிட்டேனே. அம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். வாசிக்க அந்த வீட்டில் ஒன்றும் இருக்கவில்லை. பதினொரு நாளாக என் பிள்ளை அரைப் பால் குடித்திருக்கிறாள். ஆகத் தண்ணீராகப் போனால் பசி மட்டும் பிரச்சினை இல்லை, இரத்தத்தில் உப்பு இறங்கி வலிப்புக்கூட வரலாம் என்று பிறகு தெரிந்தபோது, சேலைகளுக்கு நடுவில் கையை விட்டபடி அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டேன்.

மறுநாள் லீவு போட்டேன். கிளினிக்குக்குப் போய், வாங்கில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் பிள்ளையைப் பார்த்தார், நிறுத்தார், வைத்தியரிடம் காட்டினார். பயப்பட ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு முழுக்கச் சொல்லித் தந்தார். பால்மா கிருமி நீக்கின சாமான் இல்லை. மாவுக்குள்ளேயே குரோனோபக்ரர் மாதிரிக் கிருமி இருக்கலாம், அதனால் தண்ணீர் 70 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கொதிக்க வைத்து அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆறவிடக் கூடாது. தண்ணீரை முதலில் ஊற்றி அளந்துகொண்டு மாவைப் பிறகு போட வேண்டும். மாறிச் செய்தால் அளவு பிழைக்கும். கரண்டியைத் தட்டையாக வழித்துவிட வேண்டும், குவிக்கவும் கூடாது, அமுக்கவும் கூடாது. பிறகு போத்தலைப் பச்சைத் தண்ணீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்குள் குடிக்காததை ஊற்றிவிட வேண்டும். கரண்டியின் அளவு கம்பனிக்குக் கம்பனி மாறும், ஒன்றின் கரண்டியை மற்றதுக்குப் போடக் கூடாது. பெரியவர்கள் தேத்தண்ணிக்குப் போடுகிற பைக்கற் பால்மாவை ஒரு வயது வரைக்கும் கிட்டவும் கொண்டுவரக் கூடாது. அதில் புரதமும் உப்பும் அதிகம், பிள்ளையின் சிறுநீரகம் தாங்காது. இரும்புச்சத்தும் காணாது.

நான் கொப்பியில் எழுதினேன். பக்கத்து வாங்கில் இருந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சி தன் போனில் எழுதிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி எழும்பி வந்து, "மிஸ், பால் போடுற தண்ணியைப் பிளாஸ்க்கில வச்சா எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கேட்டாள். ஆக நான் மட்டும் இல்லை.

அந்தக் கேள்விக்குள் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் 2022 இருந்தது. நாடு நெருக்கடியில் கிடந்த அந்த வருடம்தான் அவருக்கு மகன் பிறந்தான். ஒருநாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை. காஸ் சிலிண்டருக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. மூன்று கல்லை வைத்து விறகு மூட்டித் தண்ணீர் கொதிக்க வைத்தேன் என்பார். அவருக்குப் பால் சுரந்தது. சுரந்திராவிட்டால் என்ன செய்திருப்பேனோ என்று மட்டும் சொல்வார். இன்றைக்கும் பால்மா லேசான விலை இல்லை. முழுக்கப் பால்மாவில் இருக்கிற ஆறு கிலோப் பிள்ளைக்கு ஒருநாளைக்கு ஏறக்குறைய 900 மில்லிலீற்றர் வேண்டும். டின் மூன்று நாளைக்குத்தான் வரும். மாதம் பத்து டின். காசு முட்டும்போது ஒரு கரண்டியைக் குறைக்கத் தோன்றுவது எந்தத் தாய்க்கும் வரக்கூடியதுதான். என் வீட்டில் அது பாசத்தால் நடந்தது. இன்னொரு வீட்டில் காசில்லாமல் நடக்கும்.

பள்ளிக்கூடத்திலும் சொல்லிவிட்டேன். என்னோடு படிப்பிக்கிற ஒரு முஸ்லிம் டீச்சருக்கு ஏழு மாதத்தில் மகன். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், ஏலாத நாளில புள்ளயக் கொண்டாங்க, நான் குடுக்கிறன்" என்றார். பிறகு தானே யோசித்து, "ஆனா குடுத்தா ரெண்டு பேரும் பால்குடிச் சகோதரங்களாகிருவாங்க. நாளைக்குக் கலியாணம் பேசேலாது, பரவாயில்லயா?" என்று சிரித்தார். அவர்களுடைய மார்க்கத்தில் ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் கூடப் பிறந்தவர்கள்தான். உப்புவெளிக்கும் கிண்ணியாவுக்கும் இடையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்பதால் அது நடக்கவில்லை. நடந்திருந்தால் மகளுக்கு ஒரு அண்ணன் கிடைத்திருப்பான்.

அடுத்த மாதம் கார்ட்டில் 6.6. கோடு எழும்பிவிட்டது. ஆறு மாதம் கழிந்து சோறு மசித்துக் கொடுக்கத் தொடங்கினோம். தாய்ப்பாலை நான் ஒரேயடியாக நிறுத்தவில்லை. நாலைந்து நாளுக்கு ஒரு நேரமாகக் குறைத்தேன், பின்னேரம் முதலில், விடியக்காலை பிறகு. ஒரு தடவை அவசரப்பட்டு இரண்டு நேரத்தை ஒன்றாக விட்டதற்கு இடது பக்கம் கல்லாகக் கட்டி, சிவந்து, காய்ச்சலும் வந்தது. கட்டினாலும் பிள்ளைக்குக் கொடுக்கலாம், கொடுத்தால்தான் இளகும் என்றார் வைத்தியர். அம்மா வேப்பெண்ணெய் பூசிப் பால் மறக்கடிக்கலாம் என்றார், நான் விடவில்லை. மல்லிகைப்பூ கட்டினால் பால் வற்றும் என்றார் மாமி. இதையும் தட்டிவிடப் பார்த்தேன். தேடிப் பார்த்தால், 1988 இல் வெளியான ஒரு ஆய்வில் மல்லிகைப்பூவையும் புரோமோகிரிப்ரின் மாத்திரையையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். பாலை வற்றவைப்பதில் பூவும் மாத்திரைக்குக் குறைவில்லை. மாமியிடம் போய்ச் சொன்னேன். "பிள்ளை, இதுக்கும் சோதினை வைச்சுத்தான் பார்த்தவங்களோ?" என்றார்.

மாமிக்கும் அப்போது எல்லாம் தெரியும். நானே சொன்னேன். நான் எதிர்பார்த்த எதையும் அவர் சொல்லவில்லை. தன் நாலாவது பிள்ளைக்குப் பால் வற்றிப்போனதாகவும், ஒன்றுவிட்ட அக்கா ஒருவர்தான் இரண்டு மாதம் பால் கொடுத்ததாகவும் சொன்னார். அந்த நாலாவது பிள்ளை என் கணவர்தான். இவருக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்.

கடைசியாக இருந்தது இரவு இரண்டு மணிப் பால். அதை விட எனக்குத்தான் மனம் வரவில்லை. வைகாசியில் கச்சான் காற்று தொடங்கி, சன்னலெல்லாம் அடித்துக்கொண்டிருந்த ஒரு இரவு அவள் எழும்பவே இல்லை. நான்தான் முழித்துக்கொண்டு கிடந்தேன்.

பால்மா டின் இப்போது குசினித் தட்டில், தேயிலைப் போத்தலுக்குப் பக்கத்தில், எழுத்துத் தெரிகிற பக்கத்தை முன்னால் காட்டிக்கொண்டு நிற்கிறது. அம்மா தம்பலகாமத்தில் வயல்காரர் வீட்டில் பிறந்தவர். களத்தில் நெல் அளக்கிறவர்கள் முதல் மரைக்காலை ஒன்று என்று எண்ண மாட்டார்கள். காலையில் நான் பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிடும்போது குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்கும். கத்தியின் முதுகால் ஒவ்வொரு கரண்டியையும் வழித்துவிட்டு எண்ணுவார்:

"லாபம். ரெண்டு. மூண்டு. நாலு."